பின்கட்டு: திருப்தி

ஒரு சமூகத்தின் மேன்மையை அதன் வீடுகளின் உறுதியில் காணலாம். வீட்டைக் காப்பவன் தலைமுறைகளையே காக்கிறான்.

காயல்பட்டினம் வட்டார வீட்டு உரிமையாளர் பாதுகாப்புக் கழகத்தின் விதிப் புத்தகம் இப்படித்தான் தொடங்குகிறது. வழவழப்பான தாள், பச்சை அட்டை, அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சாவி. கழகத்தில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் பெயரில்கூட வீடு கிடையாது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குப் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பத்திரங்கள் எல்லாம் பெண்களின் பீரோக்களில் சேலைகளுக்கு அடியில் கிடந்தன. அந்தப் பெண்களில் ஒருவரும் கழகத்தில் இல்லை. அவர்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்று கழகம் கருதியது.

அந்தத் தொடக்க வரிகளை எழுதியவர் கழகத் தலைவர் மூஸா நெய்னா. அபுதாபியில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக மேற்பார்வையாளர். ஆறு பேர் தங்கும் அறையில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், மேல்தட்டு தலையில் இடிக்காதபடி குனிந்து உட்கார்ந்து எழுதினார்.

காரணமில்லாமல் கழகம் பிறந்துவிடவில்லை. இரண்டு மார்கழிக்கு முன்னால் ஒரே நாளில் ஒரு வருஷத்து மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு ஊர்ச் சுவர்களில் எல்லாம் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். ஓதம் எடுக்கிறேன் என்று ஒருவர் வந்து சுவரைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் போனார். கடல் மண்ணைக் கலந்து பூசியவர் ஒருவர். அவர் பூசிய சுவரில் வெயில் ஏறினால் உப்புப் பூக்கும். நேற்று வரை மீன் லாரிக்கு ஐஸ் உடைத்தவர்கூட 'சகலவிதக் கட்டட வேலைகளும்' என்று அட்டை அடித்திருந்தார். கணவன்மார் துபாயிலும் அபுதாபியிலும் இருந்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பேசிப் பார்த்தார்கள். குரலுக்கு யார் பயப்படுகிறார்கள்?

ஆகவே பதினான்கு விதிகள். கழகத்தின் லைசென்ஸ் இல்லாத எவரும் இனி ஊருக்குள் ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது. நேர்காணல் உண்டு, முடித்த வேலையைக் குழு வந்து பார்வையிட வேண்டும், தரச் சான்று உண்டு. ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதிதாக ஒருவருக்கு லைசென்ஸ் என்பது ஒன்பதாவது விதி. யாரிடமும் லைசென்ஸ் இல்லாத ஊரில் முதல் ஆளுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். முதல் ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று மூஸா நெய்னா ஒரு வரி சேர்த்தார்.

முதல் ஆள் சுடலைக்கண்ணன். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர். அந்தக் கடற்கரையில் அவர் போடாத கல்யாணப் பந்தல் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருஷம் கல்யாணங்கள் தள்ளிப்போனதால், இருந்த ஆட்களையும் ஏணியையும் வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்குள் இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல. சொன்ன நேரத்துக்கு வருவார், சொன்ன நாளில் முடிப்பார். ஒரே ஒரு பழக்கம்: இருபத்தைந்து வருஷமாக மூன்று நாள் நிற்க வேண்டிய பொருள்களையே அவர் கட்டி வந்திருக்கிறார்.

நேர்காணல் அலைபேசியில் நடந்தது. திரையில் ஒன்பது முகங்கள்.

"சிமெண்டுக்கும் மணலுக்கும் என்ன கணக்குலே போடுவ?"

"வேலையப் பொறுத்து மொதலாளி."

"கம்பி என்ன கனம்?"

"அதுவும் வேலையப் பொறுத்துத்தான்."

எல்லாக் கேள்விக்கும் அதே பதில் வந்தது. எல்லாக் கேள்விக்கும் அது சரியான பதிலாகவும் இருந்தது. அனுபவசாலி என்று ஒன்பது முகங்களும் ஆடின.

முன்மாதிரி வேலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தலைவரின் வீடு. அதாவது, தலைவருடைய மனைவி ரஹ்மத்துன்னிஸாவின் வீடு.

மார்கழிக் கடைசி வியாழக்கிழமை அவர்களுடைய ஒரே மகள் ஜஹ்ராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஃபைசல் வந்து தங்க மாடியில் ஓர் அறை வேண்டும். கீழே முன்கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒன்றரை முழக் கனத்தில் ஒரு பழைய கல்சுவர் இருந்தது. அதை வாய்போல அகலமாக வெட்டி ஒரு வளைவும், வளைவை ஒட்டிப் பின்கட்டுக்குப் போகத் திரை போட்ட ஒரு வழியும் விட வேண்டும். வளைவுக்கு நடுவே, அபுதாபி ஓட்டல் ஒன்றில் பார்த்ததுபோல, ஒரு தூண் வேண்டும் என்றார் மூஸா நெய்னா. படமும் அனுப்பினார். சுடலைக்கண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நமக்குக் கைவந்த வேலைல்லா மொதலாளி" என்றார். பன்னிரண்டே நாளில் மாடியும் எழும்பியது, வளைவும் வந்தது, தூணும் நின்றது. தூணின் தலையில் திராட்சைக் கொத்துகள்.

குழு பார்வையிட வந்தது. மூன்று பேர். தலைமை, செயலாளர் ஹுதைஃபா. பெரிய தெருவில் அத்தர் கடை வைத்திருப்பவர், அவர் வருவதற்கு முன்பே அவருடைய வாசனை வந்துவிடும். முன்கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இறால் வைத்துப் பொரித்த வாடாத் தட்டு காலியானது. தூணைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள், கிட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படிவத்தில் முன்கூடம், வளைவு, தூண், மாடிப்படி எல்லாவற்றுக்கும் நேரே 'திருப்தி' என்று எழுதினார் ஹுதைஃபா. கடைசிக் கட்டம் பின்கட்டு.

அவர் திரைக்கு அருகே போய்த் தொண்டையைச் செருமினார். திரும்பி வந்தார்.

"உள்ள பொம்பளையாள்வ பொழங்குதாவ."

"அப்போ?" என்றார் இரண்டாமவர்.

"என்ன அப்போ? முன்னால இப்படி இருந்தா பின்னால நல்லாத்தான் இருக்கும்."

திருப்தி என்று எழுதினார். குழு பார்க்க வரும் என்று காலையிலிருந்தே அடுப்பங்கரையை ஒழித்து வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடத் தயாராகப் புறவாசலில் நின்றுகொண்டிருந்த ரஹ்மத்துன்னிஸாவுக்கு அது கேட்டது.

முதலாம் எண் லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு வழங்கப்பட்டது. சுடலைக்கண்ணனுக்குக் கண் கலங்கியது. நகல் ஒன்றை மூஸா நெய்னாவின் முன்கூடத்திலும் மாட்டினார்கள்.

கார்த்திகை மழை பிடித்த வாரத்தில், அடுப்பங்கரைச் சுவரில், உப்புச் சாடிகள் வைக்கும் பலகைக்கு மேலே, தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. நடுச்சுவரின் பின்பக்க முகம் அது. ரஹ்மத்துன்னிஸா அதை முடி என்றே நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. பத்து நாளில் அதில் தீக்குச்சி நுழைந்தது. மார்கழி பிறந்தபோது தோசைத் திருப்பியின் நுனி நுழைந்தது. கோட்டுக்குள்ளிருந்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறின. அவை திரும்பி வரவில்லை. புடைத்துக்கொண்டிருக்கும் அரிசியில் வெள்ளையாகத் தூசி விழுந்தது. புறவாசல் கதவு ஒருநாள் சாத்த முடியாமல் நிலையில் உரசி நின்றது. மத்தியானம் ஊரே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் வேளையில், சுவருக்குள்ளிருந்து விரலைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம் வரும். ஒன்று. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வராது. அந்த நெடுநேரம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த ஊர் வீடுகளுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் முடுக்கு. முடுக்கு பெண்களின் பாதை. அந்தச் சந்து வழியாகவே பெண்கள் ஊரைச் சுற்றி வந்துவிடுவார்கள். ஆண்கள் அங்கே கால் வைப்பதில்லை. பக்கத்து வீட்டு ஆமிரா முடுக்கு வழியாக வந்தவள் சுவரைப் பார்த்துக் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ராத்தா, எங்கூட்லயும் இதே மாதிரி ஒரு கோடு. கண்ணன் அண்ணாச்சி வேல பாத்த அடுத்த மாசமே வந்துச்சி."

"ஒன் மாப்புளட்ட சொன்னியா?"

"சொன்னேன். முன்பக்கமா ஃபோனத் திருப்பிக் காட்டுன்னாவ. காட்டுனேன். மின்னுதேன்னாவ." ஆமிரா கோட்டின் மேல் விரலை வைத்து, சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள். "எங்கூட்ல மேல ஒண்ணும் இல்ல ராத்தா. ஒங்கூட்டுக்கு மேல ரூமுல்லா இருக்கு. தண்ணித்தொட்டி வேற."

மேலே பார்த்தார்கள் இருவரும். வியாழக்கிழமை மத்தியானம் பெண்களுக்கான களறி விருந்து மாடியில் என்று பத்திரிகையில் அச்சாகியிருந்தது. தரையில் விரிப்புப் போட்டு, நாலு பேருக்கு ஒரு தாம்பாளமாக நெய்ச்சோறும் களறிக்கறியும். அறுபது பெண்கள். பிள்ளைகள் தனி.

அன்று சாயங்காலம் அபுதாபிக்குக் கூப்பிட்டாள். மூஸா நெய்னா கட்டிலில் குனிந்திருந்தார்.

"சுவரு பிளந்து கெடக்கு. நான் சொன்னா கேளுங்க."

"பிளக்காதுளா. பூச்சு காய்ஞ்சா கீறல் விடத்தான் செய்யும்."

"கரண்டி போவுது உள்ள."

"கரண்டிய ஏன் உள்ள விடுத?"

"இங்க பாருங்க." அவள் அலைபேசியைக் கோட்டுக்கு நேரே பிடித்தாள். அடுப்பங்கரையில் வெளிச்சம் போதாது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது.

"ஒண்ணும் தெரியல. தூணக் காட்டு."

காட்டினாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார். "லைசென்ஸ் எடுத்த ஆளு ரஹ்மத்து. ஒம்பது பேரு கேள்வி கேட்டு, மூணு பேரு வந்து பாத்து, நானே கையெழுத்துப் போட்ருக்கேன். அந்தப் பேப்பர விட ஒன் கரண்டி பெருசா?"

பெரியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சுடலைக்கண்ணனைக் கூப்பிட்டாள். அரை மணியில் வந்து முன்கூடத்தில் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அண்ணாச்சி, பின்பக்கம் வந்து ஒரு தரம் பாத்துட்டுப் போங்க. நாங்க வெளிய போய்க்கிடுதோம்."

"எதுக்கும்மா ஒங்களுக்குச் சங்கடம்? நான் இந்தப் பக்கம் இருந்தே சொல்லிருவேன்." அவர் சுவரில் காதை வைத்துக் கேட்பது திரையின் இடுக்கில் தெரிந்தது. "புதுச் சுவரு மூச்சு விடுதும்மா. மழை நின்னா அடங்கிரும்." ஒரு பட்டித் தகடும் ஒரு டப்பா வெள்ளைப் பூச்சும் திரைக்கு அடியில் உள்ளே நகர்ந்து வந்தன. "இத வச்சு நீங்களே லேசா இழுத்து விட்ருங்க. கல்யாணத்துக்கு நிக்கும்."

"கல்யாணத்துக்கு அப்பறம்?"

அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது. "அப்பறமும் நிக்கும்மா" என்றார்.

ஜஹ்ராதான் ஜெபசுதாவைக் கூட்டிவந்தாள். தூத்துக்குடிக் கல்லூரியில் ஒரே பஸ்ஸில் மூன்று வருஷம் போய்வந்தவர்கள். திரேஸ்புரத்துப் பெண், துறைமுகத்தில் தளத்துக்கும் சுவருக்கும் ஊற்றும் கான்கிரீட்டைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை காலை முடுக்கு வழியாக வந்தாள். கையில் ஒரு சின்னச் சுத்தியல். வெளியே மழை நின்று, மேகம் மட்டும் கூரைமேல் உட்கார்ந்தாற்போல இறங்கியிருந்தது.

சுவரைப் பார்த்தாள். திரையை விலக்கி முன்கூடத்துக்குப் போய்த் தூணைச் சுத்தியல் காம்பால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டொம் என்றது.

"என்னளா, மத்தளம் மாதிரி கேக்கு?" என்றாள் ஜஹ்ரா.

ஜெபசுதா குனிந்து, தரையோடு சேரும் இடத்தில் சுத்தியல் முனையால் கிண்டினாள். மாவு போலப் பூச்சு உதிர்ந்தது. உள்ளே ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகைக்குள் இருட்டு. அவள் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

"ஆன்ட்டி, இது தூணு இல்ல. பந்தல்ல வைப்பாங்கள்ல, அலங்காரக் கூடு. மேல இருக்க எடைய இது தாங்கல."

"அப்போ எதுளா தாங்குது?" என்றாள் ரஹ்மத்துன்னிஸா.

ஜெபசுதா பின்கட்டுக்குத் திரும்பி வந்து, வளைவுக்கு மேலே பூச்சைக் கொஞ்சம் தட்டிவிட்டாள். கறுத்த பனங்கட்டை ஒன்று தெரிந்தது. பழைய வாசலுக்கு அந்தக் காலத்தில் போட்ட உத்திரம். வெள்ளத்தில் ஊறியது. நகத்தை வைத்து அழுத்தினாள், நகம் இறங்கியது.

"இதுதான்."

மூன்று பேரும் தாங்களறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"ஒரு தாள் தாங்க. இழுத்தா நீளாத தாளா வேணும்."

ஜஹ்ரா எட்டிய இடத்தில் விதிப் புத்தகம்தான் இருந்தது. ஜெபசுதா ஒரு பக்கத்தைக் கிழித்து, பட்டையாக நறுக்கி, கோட்டுக்குக் குறுக்கே இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டினாள். பேனாவால் நேரம் எழுதினாள்: காலை 10.20.

"சுவரு சும்மா இருந்தா தாளும் சும்மா இருக்கும்."

பிற்பகல் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது ரஹ்மத்துன்னிஸா போய்ப் பார்த்தாள். தாள் நடுவில் கிழிந்து, இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஜெபசுதா அலைபேசியில் சொன்னது சுருக்கமாக இருந்தது. மேலே யாரும் ஏறக் கூடாது. தண்ணீர்த்தொட்டியை உடனே காலி செய்ய வேண்டும். உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பின்கட்டில் படுக்கக் கூடாது. முட்டுக் கொடுத்தாலும் வீட்டில் விருந்து வைக்கக் கூடாது.

ரஹ்மத்துன்னிஸா ஹுதைஃபாவுக்கு ஆள் அனுப்பினாள். அத்தர் வாசனை வாசல்வரை வந்து நின்றது.

"அந்தப் புள்ளைக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார் ஹுதைஃபா.

"இஞ்சினியருக்குப் படிச்சிருக்கு. ஹார்பர்ல வேல பாக்கு."

"அது ஹார்பர்ல. நம்ம கழக லைசென்ஸ் இருக்கா? இல்லல்லா? லைசென்ஸ் இல்லாத ஆளு சொல்லுதத நான் எப்படிப் புத்தகத்துல எழுதுவேன்? நாளைக்கு வார போறவனெல்லாம் சுத்தியல எடுத்துட்டு வந்து தட்டுவான்."

"தட்டட்டுமே. நல்ல சுவர தட்டுனா என்னவாம்?"

"விதியத் தெரிஞ்சு பேசணும்மா. தலைவர் புதன்கிழம வாராவ. அவியள்ட்ட பேசிக்கிடுவோம்."

தண்ணீர்த்தொட்டியை அவளே திறந்துவிட்டாள். செவ்வாய் முழுக்கத் தூம்பு வழியாகத் தண்ணீர் முடுக்கில் ஓடியது. சத்தம் நிற்கவில்லை. இப்போது மத்தியானம் மட்டுமல்ல, காலையிலும் சொடுக்கியது. ஜஹ்ரா மருதாணிக் கையோடு ஆமிரா வீட்டில் போய்ப் படுத்தாள்.

புதன்கிழமை மழையோடு மழையாக மூஸா நெய்னா வந்து இறங்கினார். பெட்டிகள் முன்கூடத்தில் அடுக்கப்பட்டன. நனைந்த சட்டையோடு தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நேரில் இன்னும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"தட்டிப் பாருங்க," என்றாள் ரஹ்மத்துன்னிஸா.

"எதுக்கு?"

"தட்டுங்களேன்."

தட்டினார். டொம். கொஞ்சம் தள்ளித் தட்டினார். டொம். ஜெபசுதா கிண்டிய ஓட்டை அவர் காலடியில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டிகள் ஏழோ எட்டோ முறை அந்தக் கூடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

"அலங்காரத் தூணுன்னே நெனைச்சுட்டானோ?"

"நீங்க அனுப்புன படம் அலங்காரத் தூணுதான?"

"ஓட்டல்ல அது நெசத் தூணு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க தட்டிப் பாத்தியளா?"

மழை ஓட்டில் அறைந்தது. சுவர் ஒருமுறை சொடுக்கியது. அவர் தலையை நிமிர்த்தினார். அந்தச் சத்தத்தை அவர் முதல் முறையாகக் கேட்கிறார்.

"சரி," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆனா பத்திரிகைல மாடின்னு போட்டாச்சு. சம்பந்தவூட்டுக்கு என்ன சொல்ல? கழகத் தலைவர் வூட்லயே மாடி ஏற முடியாதாம்னு நாளைக்கு ஊரு முழுக்கச் சிரிக்கும். ஒரு மணி நேரம்தான ரஹ்மத்து. முப்பது முப்பது பேரா ஏத்துனா என்ன? ஹுதைஃபாட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"ஜஹ்ரா வாப்பா." அவள் குரல் ஏறவில்லை. "இது யாரு பேர்ல உள்ள வூடு?"

விதிப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"எனக்கு எங்க உம்மா குடுத்தது. நான் என் மவளுக்குக் குடுக்கப் போறது. அவ மேல விழுறதுக்கு இல்ல." மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். "கண்ணன் அண்ணாச்சியக் கூப்பிடுங்க."

"எதுக்கு? ஏசவா?"

"பந்தல் போட."

சுடலைக்கண்ணன் வந்தார். முடுக்கில் பந்தல் என்றதும் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. பெண்கள் எல்லாரும் வீடுகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊர் நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்துக்குள் நுழைந்த முதல் ஆண்கள் சவுக்குக் கம்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழைக்குள் நின்று அவர் வேலை செய்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவர்கள் பிறகு நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கிருந்து வரும், தண்ணீர் எந்தப் பக்கம் சரியும், எந்தக் கயிற்றை எங்கே முடிய வேண்டும் எல்லாம் அவர் விரலில் இருந்தது. ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. வேலையைப் பொறுத்து என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசிக் கயிற்றை ரஹ்மத்துன்னிஸா வீட்டுப் புறவாசல் வளையத்தில் முடிய வந்தவர், சாத்த முடியாத கதவின் வழியே உள்ளே பார்த்தார். அடுப்பங்கரைச் சுவர் தெரிந்தது. கோடு இப்போது கோடாக இல்லை. கை நுழையும். அதன் இரண்டு பக்கமும் விதிப் புத்தகத்தின் துண்டுகள்.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். சாத்தியிருந்த ஆமிராவின் கதவுக்கு நேரே நின்று பேசினார். ரஹ்மத்துன்னிஸா அதற்குப் பின்னால்தான் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"அம்மா. இந்தப் பக்கம் இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

"கூப்பிட்டேனே அண்ணாச்சி."

"கூப்பிட்டிய." மழைத்தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டியது. "வந்திருக்கணும்."

கனமான கம்புகளாகத் தேர்ந்து நான்கைத் தானே தோளில் சுமந்து உள்ளே போனார். ஆட்களை உள்ளே விடவில்லை. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பூச்சுத் தூசியில் தலைமுடி வெள்ளையாக இருந்தது. "நான் குடுத்த முட்டு," என்றார், "மூணு நாளைக்கு நிக்கும்." இந்த முறை அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஒருநாள்தான் நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்துவிட்டது. முடுக்குப் பந்தலில் அறுபது பெண்கள் தாம்பாளங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மழை மேலே தார்ப்பாயில் கொட்டி, சொன்ன பக்கம் சரிந்து, சொன்ன இடத்தில் விழுந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள், மாடியைவிட இது எவ்வளவோ குளிர்ச்சி என்றார்கள். ரஹ்மத்துன்னிஸா கறி விளம்பிக்கொண்டிருந்தாள். முதலில் சொடுக்கு கேட்டது. அடுத்தடுத்து ஐந்தாறு கேட்டது, சோளம் பொரிவதுபோல. அப்புறம் மாடி அறை, ஜன்னலும் புதுத் திரைச்சீலையும் புதுக் கட்டிலுமாக, அவசரமில்லாமல் ஒரு முழம் இறங்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு மொத்தமாக வீட்டுக்குள் போயிற்று.

புறவாசல் வழியே புழுதி வந்து நெய்ச்சோற்றின் மேல் படிந்தது. பந்தல் ஒருமுறை ஆடி நின்றுகொண்டது.

"ஜஹ்ரா!"

மணப்பெண் உட்கார்ந்திருந்த மெத்தை காலியாக இருந்தது. ரஹ்மத்துன்னிஸா கறிச்சட்டியைக் கையில் பிடித்தபடியே புழுதிக்குள் ஓடினாள். ஆமிரா அவள் முந்தியைப் பிடித்து இழுத்தாள். முன்பக்கத்துத் தெருவிலிருந்து மூஸா நெய்னா கத்துவது கேட்டது. மகள் பெயரை அல்ல, மனைவி பெயரை. சாவி அவளிடம்தானே இருக்கிறது, ஏதாவது எடுக்க அவள் மேலே போயிருப்பாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"உம்மா, என்ன சத்தம் அது?"

ஆமிரா வீட்டு அடுப்பங்கரை வாசலில் ஜஹ்ரா நின்றுகொண்டிருந்தாள். முழு நகையும் போட்டிருந்தாள். வாயில் பாதி வாடா இருந்தது. காலையிலிருந்து யாரும் தனக்குத் தின்ன ஒன்றும் தரவில்லை என்றாள்.

ரஹ்மத்துன்னிஸா கறிச்சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

கழகத்தின் அவசரக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தது. முடுக்கிலிருந்து பிரித்து வந்த அதே பந்தலில். தலைவரின் வீட்டில் கூட்டம் நடத்த இப்போது கூடம் இல்லை. முன்பக்கச் சுவரில் லைசென்ஸ் நகல் கண்ணாடி உடையாமல் தொங்கியது. அந்தச் சுவருக்குப் பின்னால் வானம். மணமக்கள் ஆமிரா வீட்டில் இருந்தார்கள். சுடலைக்கண்ணன் கடைசி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தன் லைசென்ஸை எடுத்துக்கொள்ளும்படி அவரே எழுந்து கேட்டார். ஹுதைஃபா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பதினான்கு விதிகளிலும் லைசென்ஸைக் கொடுப்பதற்குத்தான் வழி இருந்தது. திரும்பப் பெற இல்லை. விதிகளைத் திருத்த ஆறு மாதம் முன்னறிவிப்பு வேண்டும்.

"அப்போ இருக்கட்டும்," என்றார் ஹுதைஃபா.

ரஹ்மத்துன்னிஸா துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெபசுதாவையும் கூட்டிக்கொண்டு, ஆமிரா வீட்டு முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து பந்தலுக்குள் நுழைந்தாள். வந்திருந்த உறுப்பினர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்கூட்ட விட்டுட்டா கண்ணன் அண்ணாச்சி வேல பாத்த வூடு இன்னும் எட்டு இருக்கு, ஆமிரா வூட்டோட. எட்டுலயும் பின்கட்டப் பாக்கணும். இந்தப் புள்ளதான் பாக்கும். பாத்து எழுதிக் குடுக்கத நீங்க புத்தகத்துல எழுதணும். இல்லாட்டா அந்த எட்டு பேரும் நானுமா பத்திரத்த எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போறோம்."

மூஸா நெய்னா எழுந்தார். "எழுதுவோம்," என்றார். அன்றைய கூட்டத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. லைசென்ஸ் இல்லாத ஒருவரின் அறிக்கையைப் புத்தகத்தில் ஏற்ற நான்காவது விதி இடம் தரவில்லை. ஜெபசுதாவுக்கு அங்கேயே விண்ணப்பப் படிவம் கொடுக்கப்பட்டது. அவள் பெயர், படிப்பு, வேலை எல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். பரிந்துரைப்பவர் என்ற இடத்தில், ஒன்பதாவது விதிப்படி, லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊரில் லைசென்ஸ் வைத்திருந்தவர் ஒருவர்தான். சுடலைக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.